ரோமிங்கா, அந்த ஊர் சிம்மா? ஒரு சின்னக் கார்டின் நாற்பது வருடக் கதை



பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்துக்குத்தான். "சார், சிங்கப்பூர் போறோம். ரோமிங் போடலாமா, அங்க போய் சிம் வாங்கிக்கலாமா?" "மாமா, பையன் ஜெர்மனிக்குக் கூப்பிடறான். மூணு மாசம் இருப்போம். எங்க நம்பரை என்ன பண்றது?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், இதற்குள் ஒரு நல்ல வரலாற்றுப் பாடமே இருக்கிறது. எந்தக் கம்பெனியின் எந்த பேக் மலிவு என்று நான் இன்று எழுதினால் அடுத்த மாதம் அது பழைய செய்தி. ரோமிங் ஏன் அப்படி யானை விலை விற்றது, யார் அதை இறக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்த ஊருக்குப் போனாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

கதை 1981-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் சுவீடனிலும் நார்வேயிலும், அடுத்த வருடம் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் ஒரே வகையான மொபைல் போன் சேவையைத் தொடங்கினார்கள். பெயர் என்எம்டி. நான்கு நாடுகளின் தொலைபேசித் துறைகளும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, ஒரே தொழில்நுட்பம் என்று முடிவு செய்திருந்தன. அதனால் ஸ்டாக்ஹோமில் வாங்கிய போன் ஆஸ்லோவிலும் பேசியது. போன் என்றால் இன்று நம் சட்டைப் பையில் இருப்பது போல் இல்லை. பெரும்பாலும் காரில் பொருத்திக்கொள்வது. ஆனாலும் எல்லையைத் தாண்டியும் அதே எண் வேலை செய்தது. ரோமிங் என்கிற யோசனை நடைமுறைக்கு வந்தது அங்கேதான்.

மற்ற ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. பிரிட்டனுக்கு ஒரு முறை, ஜெர்மனிக்கு வேறொன்று, பிரான்சுக்கு இன்னொன்று, இத்தாலிக்கு மற்றொன்று. லண்டன்காரர் கால்வாயைத் தாண்டி பிரான்சில் கால் வைத்தால் அவர் போன் வெறும் கனமான பொம்மை. நம் ஊரில் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று ரயில் மாறி மாறி ஏறியது ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான்.

இதைச் சரிசெய்ய 1982-ல் ஐரோப்பிய நாடுகளின் தபால், தொலைபேசித் துறைகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜிஎஸ்எம். ஐந்து வருடம் பேசினார்கள். 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள் கையெழுத்திட்டார்கள். பெர்லின் சுவர் இன்னும் இடியாத காலம். ஐரோப்பாவில் எங்கே போனாலும் ஒரே போன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை நான் அந்த நூற்றாண்டின் முக்கியமான ஒப்பந்தங்களில் ஒன்றாக வைப்பேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1991 ஜூலை 1. பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, ஹெல்சிங்கியிலிருந்து தம்பேரே நகரத் துணை மேயர் கரீனா சுவோனியோவுக்குப் போன் செய்தார். ஜிஎஸ்எம் முறையில் பொதுச் சேவையின் முதல் அழைப்பு அதுதான். சேவை நடத்திய கம்பெனி ரேடியோலின்யா. அதே வருடம் மியூனிக்கில் இருந்த கிசெக்கெ அண்ட் டெவ்ரியன்ட் என்ற நிறுவனம் 300 சிம் கார்டுகளை அந்தக் கம்பெனிக்கு விற்றது. உலகில் விற்பனையான முதல் சிம் கார்டுகள் அவை. அந்த நிறுவனம் அதற்கு முன்பே பெயர் வாங்கியது எதில் தெரியுமா? ரூபாய் நோட்டு போலப் பணத்தாள் அச்சிடுவதில். ஒருவரை நம்புவதற்கான அட்டையைச் செய்ய, பணம் அச்சடித்தவர்களே வந்தார்கள்.

முதல் சிம் கார்டு நம் ஏடிஎம் கார்டு அளவு இருந்தது. பிறகு அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை வெட்டி வெட்டி நகத்தளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே இருப்பது முக்கியமாக ஓர் அடையாள எண். பதினைந்து இலக்கம் வரை இருக்கும். முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்தது கம்பெனி. மிச்சம் நீங்கள். நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கிற பத்து இலக்க நம்பர் இது இல்லை. இது உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது.

இப்போது நீங்கள் இந்திய சிம்மோடு சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்கிப் போனை ஆன் செய்கிறீர்கள். அங்கே உள்ள டவர் 404 என்று பார்த்ததும், இது நம் வீட்டுப் பிள்ளை இல்லை என்று தெரிந்துகொள்கிறது. உடனே இந்தியாவில் உள்ள உங்கள் கம்பெனிக்குச் செய்தி போகிறது: "உங்கள் ஆள் ஒருவர் வந்திருக்கிறார். உண்மையானவர்தானா? வெளிநாட்டுச் சேவை போட்டிருக்கிறாரா?" இந்தியாவிலிருந்து சரி என்று பதில் வந்த பிறகே உங்கள் போனில் சிக்னல் கோடு எழும்பும். ஹாஸ்டலில் விருந்தாளிப் பையன் வந்தால் வார்டன் அவன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பாரே, அந்த மாதிரி. சாப்பாட்டுச் செலவை ஹாஸ்டல்காரர் பையனிடம் கேட்க மாட்டார். அப்பாவுக்கு பில் அனுப்புவார். ரோமிங் இதுதான். அங்கேயே சிம் வாங்குவது என்பது டி.சி. வாங்கிக்கொண்டு போய் அந்தப் பள்ளியிலேயே சேர்ந்துவிடுவது. ஃபீஸ் அந்த ஊர் ஃபீஸ். ஆனால் பழைய பள்ளியின் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல ஆள் இருக்காது.

இந்த இரண்டு வழியும் ஒரே கண்டுபிடிப்பிலிருந்து வந்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆளின் அடையாளத்தைப் போனிலிருந்து பிரித்து ஒரு கார்டில் வைத்தார்கள். கார்டை மட்டும் எடுத்துப்போய் வேறொரு போனில் செருகினாலும் உங்கள் எண்ணே பேசும் என்பது அதன் வசதி. ஆனால் கார்டைக் கழற்ற முடியும் என்றால், அந்த இடத்தில் வேறொருவன் கார்டையும் போட முடியும் அல்லவா? ரோமிங்குக்கு வசதி செய்து கொடுத்த அந்தச் சின்னப் பள்ளத்தில்தான் பிற்பாடு ரோமிங்கின் எதிரியும் வந்து உட்கார்ந்தான். கம்பெனிகள் இதைப் பார்த்துப் பல நாடுகளில் போனுக்கே பூட்டுப் போட்டன. தங்கள் சிம் தவிர வேறு சிம் ஏற்காத போன்கள் வந்தது அதனால்தான்.

1992-ல் டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடபோனும் ஜிஎஸ்எம் முறையில் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தம் போட்டன. இனி விலைக்கு வருவோம். கதையின் கனமான பகுதி இது.

தொடக்கத்தில் கணக்கு நேர்மையாகத்தான் இருந்தது. வந்த விருந்தாளிக்கு உள்ளூர்க்காரருக்கு என்ன விலையோ அதற்கு மேல் 15 சதவீதம் வரை சேர்த்து, அவருடைய கம்பெனிக்கு பில் அனுப்பலாம். தொண்ணூறுகளின் கடைசியில் இந்த முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கென்று தனி மொத்த விலை வைத்துக்கொள்ளலாம் என்றானது. விலை இறங்குவதற்குப் பதில் ஏறியது. ஏன்?

இப்படி நினைத்துப் பாருங்கள். நீங்கள் ரோமில் இறங்குகிறீர்கள். உங்கள் போன் இத்தாலியின் மூன்று கம்பெனிகளில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. எது என்று நீங்கள் பார்ப்பதில்லை. அந்தக் கம்பெனி உங்கள் கம்பெனிக்கு ஒரு விலை சொல்கிறது. உங்கள் கம்பெனி அதன்மேல் தன் லாபத்தை வைத்து உங்களுக்கு பில் போடுகிறது. விலை குறைத்தால் நிறைய ஆள் வருவார்கள் என்ற ஆசை இத்தாலிக்காரருக்குக் கிடையாது, ஏனென்றால் விலை பார்த்து யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வருடத்தில் பத்து நாள் வெளிநாட்டில் பேசும் விலைக்காக ஊரில் யாரும் கம்பெனி மாற்றுவதும் இல்லை. மார்க்கெட்டில் பேரம் பேச ஆளே இல்லாத கடை. ஒரு மாதம் கழித்து பில் வந்த பிறகுதான் விலையே தெரியும். அந்த பில் வரும் வழியும் வேடிக்கையானது. ஒவ்வொரு அழைப்பின் விவரத்தையும் ஒரு குறிப்பிட்ட வடிவக் கோப்பில் எழுதி, சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்டிஆர் என்ற கணக்கு அலகில் விலை போட்டு, கம்பெனிக்குக் கம்பெனி அனுப்பிக்கொள்வார்கள். பொருளாதாரப் பாடத்தில் எஸ்டிஆர் படித்தீர்களே, "சார், இது எங்க சார் பயன்படும்" என்று கேட்டீர்களே, இதோ இங்கே.

ஐரோப்பாவுக்குள்ளேயே ரோமிங்கில் பேச 2007-க்கு முன் சராசரியாக நிமிடத்துக்கு 1.15 யூரோ ஆனது. அந்தச் சேவையை மொத்தமாகக் கொடுக்க ஆகும் உண்மைச் செலவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது. வேறென்ன வேண்டும்?

இதில் நம்மவர்கள் பலருக்குப் புரியாத ஒரு சங்கதி உண்டு. மதுரையிலிருந்து போன இரண்டு நண்பர்கள், இரண்டு பேரிடமும் இந்திய சிம், சிங்கப்பூர் முஸ்தபா கடையின் இரண்டு வாசலில் ஆளுக்கொருவராக நிற்கிறார்கள். ஒருவர் மற்றவரைக் கூப்பிடுகிறார். அந்த அழைப்பு சிங்கப்பூரிலிருந்து இந்தியா போய், அங்கே "இவர் சிங்கப்பூரில் இருக்கிறார்" என்று கண்டுபிடித்து, மறுபடி கடல் தாண்டி சிங்கப்பூர் திரும்பி வரும். கூப்பிட்டவருக்கு வெளிநாட்டு அழைப்பு விலை. எடுத்தவருக்கும் விலை. நூறடி தூரத்துக்குக் குரல் வங்காள விரிகுடாவை இரண்டு முறை கடக்கிறது. ஊரிலிருந்து யாராவது உங்களைக் கூப்பிட்டாலும் அப்படித்தான். அவர் உள்ளூர் விலை மட்டும் கொடுப்பார், நீங்கள் வெளிநாட்டில் இருப்பது அவருக்குத் தெரியாதே. கடல் தாண்டும் செலவு உங்கள் தலையில்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுக்குள்ளேயே இதை அனுபவித்தோம். 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு. அப்போது கூப்பிட நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை, வரும் அழைப்புக்கும் காசு. நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்து உரிமம் கொடுத்திருந்தார்கள். சென்னை ஒரு வட்டம், மிச்சத் தமிழ்நாடு இன்னொரு வட்டம். சென்னை நம்பரோடு மதுரைக்கு வந்தால் ரோமிங்! சொந்த மாநிலத்துக்குள், பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அயலூர்க்காரன் ஆனான். ரயில் விழுப்புரம் தாண்டியதும் போனை அணைத்து வைத்தவர்களை இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே பலர் பார்த்திருப்பீர்கள். சொந்த வட்டத்தில் வரும் அழைப்பு இலவசமானது 2003-ல்தான். பிற்பாடு சென்னையும் தமிழ்நாடும் ஒன்றாயின. ஆனால் பாலக்காடு தாண்டினால் காசு என்ற நிலை நெடுநாள் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நாடு முழுக்க ரோமிங் கட்டணம் இல்லை என்றது. அடுத்த வருடம் மற்ற பெரிய கம்பெனிகளும் அதை எடுத்துவிட்டன. டவர் அதே டவர், கம்பி அதே கம்பி. ஒரே இரவில் செலவு எங்கே போனது என்று நான் அப்போது வகுப்பில் கேட்டிருந்தால் நீங்கள் நல்ல பதில் சொல்லியிருப்பீர்கள்.

அந்த ஊர் சிம் என்ற மாற்றுவழி ஏன் ஆரம்பத்திலேயே வரவில்லை? முன்பெல்லாம் போன் இணைப்பு என்றால் மாதாமாதம் பில் கட்டும் இணைப்பு. அதற்கு முகவரிச் சான்று, டெபாசிட் எல்லாம் வேண்டும். பத்து நாள் விருந்தாளிக்கு யார் கொடுப்பார்கள்? 1995-ல் போர்ச்சுகலின் டிஎம்என் கம்பெனி, முதலில் காசு, பிறகு பேச்சு என்ற ப்ரீபெய்டு இணைப்பைக் கொண்டுவந்தது. அதன் பிறகே பயணி கடையில் போய் சிம் வாங்க முடிந்தது. விசித்திரம் பாருங்கள், அதே ப்ரீபெய்டுக்காரர் தன் சிம்மை வெளிநாட்டுக்கு எடுத்துப்போனால் ஆரம்பத்தில் வேலை செய்யவில்லை. பேசப் பேச ஊரில் உள்ள பாக்கியைக் கழிக்க வழி இல்லாததால் ரோமிங் மாதாந்திர பில் கட்டுகிறவர்களுக்கே கிடைத்தது. அதைச் சரிசெய்யத் தனித் தொழில்நுட்பம் வர வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 2005 நவம்பரிலிருந்து ப்ரீபெய்டு சிம்முக்கும் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும் என்றானது. இன்று பெரும்பாலான நாடுகளில் இதே விதிதான்.

ஜப்பான், அமெரிக்கா போனவர்களின் பாடு வேறு. ஜப்பானில் 2ஜி காலத்தில் அவர்களுக்கே உரிய தனி முறை, நம் போன் அங்கே கட்டை. விமான நிலையத்தில் வாடகைக்குப் போன் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஜிஎஸ்எம் இருந்தாலும் அலைவரிசை வேறு, ட்ரை-பேண்ட் போன் இருந்தால்தான் பேசும். அது போகட்டும்.

இந்த விலைக் கோட்டையை முதலில் உடைத்தது யார்? ஐரோப்பா என்று நினைப்பீர்கள். கிழக்கு ஆப்பிரிக்கா!

கென்யா, உகாண்டா, தான்சானியா. மூன்றும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்து விடுபட்டவை. எல்லையின் இரு பக்கமும் ஒரே மொழி பேசும் மக்கள், அன்றாடம் சரக்கோடு போய்வரும் வியாபாரிகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சிம் என்று பர்ஸில் வைத்து, எல்லையில் மாற்றிப் போட்டுக்கொள்வது அங்கே சாதாரணம். சூடானில் பிறந்த பொறியாளர் மோ இப்ராஹிம் 1998-ல் தொடங்கிய செல்டெல் என்ற கம்பெனி மூன்று நாட்டிலும் சேவை நடத்தியது. (2005-ல் அதை ஒரு குவைத் கம்பெனி வாங்கியிருந்தது.) 2006 செப்டம்பரில் அவர்கள் "ஒன் நெட்வொர்க்" என்று அறிவித்தார்கள். மூன்று நாட்டில் எங்கே இருந்தாலும் ரோமிங் கட்டணம் கிடையாது. வரும் அழைப்பு இலவசம். உள்ளூர் விலையில் பேசலாம். அந்தந்த ஊர்க் கடையிலேயே ரீசார்ஜ் செய்யலாம். யாரும் சட்டம் போடவில்லை. எல்லையில் சிம்மைக் கழற்றிய வியாபாரியை மறுபடி தன் வாடிக்கையாளர் ஆக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு. உள்ளூர் சிம் என்ற போட்டி இருந்ததால்தான் அந்தக் கணக்கே பிறந்தது. அடுத்த வருடமே மத்திய ஆப்பிரிக்க நாடுகளுக்கும் விரித்தார்கள். 2010-ல் அந்தக் கம்பெனியின் ஆப்பிரிக்க வியாபாரத்தை 1,070 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? நம் பார்தி ஏர்டெல். உலகத்துக்கு வழிகாட்டிய எல்லையில்லாச் சேவை இந்தியர் கைக்கு வந்த அதே காலத்தில், இந்தியாவுக்குள் கேரளா போனால் ரோமிங் காசு!

ஐரோப்பாவில் சட்டம் தேவைப்பட்டது. லக்சம்பர்க்கைச் சேர்ந்த விவியன் ரெடிங் அம்மையார் அப்போது ஐரோப்பிய ஆணையத்தில் தொலைத்தொடர்புக்குப் பொறுப்பான ஆணையர். முதலில் எல்லாக் கம்பெனிகளின் ரோமிங் விலையையும் இணையதளத்தில் போட்டு வெட்கப்படுத்திப் பார்த்தார். யாரும் வெட்கப்படவில்லை. 2007 கோடையில் சட்டம் வந்தது. கூப்பிட நிமிடத்துக்கு 49 சென்ட், எடுக்க 24 சென்ட், அதற்கு மேல் கூடாது. வருடா வருடம் இன்னும் இறங்கும். வோடபோன் உள்ளிட்ட பெரிய கம்பெனிகள் நீதிமன்றம் போயின. விலை வைக்க அரசுக்கு என்ன உரிமை என்றன. 2010 ஜூன் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதே வருடம் இணையத்துக்கு இன்னொரு காவலும் வந்தது. தரவுக் கட்டணம் 50 யூரோவைத் தொட்டால், வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்டிருந்தால் தவிர, இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கடைசியாக 2017 ஜூன் 15 முதல், ஊரில் என்ன விலையோ அதே விலை ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க.

இதிலும் ஒரு வேடிக்கை. முதல் ஜிஎஸ்எம் அழைப்பு நடந்த பின்லாந்தில் இணையம் மிக மலிவு, மாதம் முழுக்க அளவில்லாமல் பயன்படுத்துவார்கள். அவர்கள் கோடையில் ஸ்பெயின் போய் அதே மாதிரி படம் பார்த்தால், பின்லாந்துக் கம்பெனி ஸ்பெயின் கம்பெனிக்கு ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ வரை மொத்த விலை கட்ட வேண்டியிருந்தது. தாங்க முடியாது என்று முறையிட்டு, சில பின்லாந்துக் கம்பெனிகள் கூடுதல் கட்டணம் வாங்க அனுமதி பெற்றன. மொத்த விலையை இறக்காமல் சில்லறை விலையை மட்டும் இறக்கினால் கடைக்காரன் என்ன செய்வான்? 2022-க்குள் அந்த 7.70-ஐ 2.50-க்குக் கொண்டுவந்தார்கள்.

ஜெர்மனிக்குப் போகிற பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இது. ஒன்றியத்தின் ஏதாவது ஒரு நாட்டில் சிம் வாங்கினால் 27 நாடுகளிலும், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனிலும் அது உள்ளூர் சிம் மாதிரிதான். நாட்டுக்கு நாடு வாங்க வேண்டாம். ஆனால் சுவிட்சர்லாந்து இந்தச் சட்டத்துக்குள் இல்லை. பிரிட்டனும் வெளியேறிவிட்டது. எல்லையோர ஊர்களில் போன் தானாகப் பக்கத்து நாட்டு டவரைப் பிடிக்கும். விமானத்துக்குள்ளும் கப்பலிலும் இருக்கும் டவர் செயற்கைக்கோள் வழியாகப் போவது, இந்தச் சட்டத்தின் விலை உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது. அங்கே போனை ஏரோபிளேன் மோடிலேயே வையுங்கள்.

இவ்வளவு பார்த்த பிறகு, நீண்ட பயணத்துக்கு அந்த ஊர் சிம்தான் லாபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பத்து வருடம் முன்பு சொல்லியும் இருப்பேன். வாட்ஸ்அப் வந்த பிறகு அது இன்னும் சுலபமானது. அந்த ஊர் சிம்மில் இணையம், வாட்ஸ்அப்பில் பழைய இந்திய நம்பர், பேரனோடு வீடியோ கால். ரோமிங்குக்கு வேலையே இல்லை. (வாட்ஸ்அப் "நம்பரை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.)

தராசை மறுபடி சாய்த்தது வங்கி. 2009 ஆகஸ்ட்டிலிருந்து இணையத்தில் கார்டில் பணம் கட்ட இன்னொரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அது நாளடைவில் போனுக்கு வரும் ஓடிபி ஆனது. பேச்சுக்காக வாங்கிய எண் கையெழுத்தாக மாறிவிட்டது. பென்ஷன் கணக்கு, ஆதார், வருமான வரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் அந்த எண்ணில். அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு விமானம் ஏறினால், வெளிநாட்டில் நீங்கள் பேசலாம், பாடலாம், உங்கள் பணத்தை மட்டும் தொட முடியாது.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் மகளோடு எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். போகும்போது ப்ரீபெய்டு சிம்மை பத்திரமாக பீரோவில் பூட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் எண் செத்துப்போயிருந்தது. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி, பாக்கி 20 ரூபாயாவது இருந்தால் கொஞ்சம் நீட்டிப்பு கிடைக்கும். அவர் எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தும் விட்டார்கள். எழுபத்திரண்டு வயதில் வங்கி வங்கியாக ஏறி இறங்கி, தான் தான்தான் என்று நிரூபிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. மிச்சம் பிடித்த ரோமிங் காசைவிட ஆட்டோ காசு அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிப்பார், எனக்குக் கோபம்தான் வரும். எண்ணை மாற்று ஆளுக்குக் கொடுப்பதற்கு முன், இது யாருடைய வங்கிக் கணக்கின் சாவி என்று யோசிக்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டாமா?

இப்போது இரண்டு சிம் போடும் போன் எல்லோரிடமும் இருக்கிறது. போதாக்குறைக்கு இசிம். 2016-ல் அதற்கான பொது விதிமுறை வந்தது, 2018-ல் ஐபோனில் வந்தது, 2022-ல் அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் சிம் போடும் பள்ளத்தையே மூடிவிட்டார்கள். இணையத்தில் பயண இசிம் விற்கிறார்களே, அதை உள்ளூர் சிம் என்று பலர் நினைக்கிறார்கள். பலவற்றில் உள்ளே இருப்பது வேறு ஏதோ மூன்றாவது நாட்டுக் கம்பெனியின் எண், நீங்கள் போகும் நாட்டில் ரோமிங்கில் ஓடுவது. மொத்த விலையில் வாங்கிச் சில்லறையில் விற்கிறார்கள். 1992-ல் இரண்டு கம்பெனிகள் போட்ட அதே மாதிரி ஒப்பந்தம்தான் அதன் அடியிலும் இருக்கிறது. விலை முன்கூட்டியே தெரிகிறது என்பது பெரிய வித்தியாசம். ஆனால் பெரும்பாலும் அதில் அந்த ஊர் போன் நம்பர் கிடைக்காது. உள்ளூர் டாக்சி, மருத்துவமனை, அரசு அலுவலகம் நம்பர் கேட்டால் கையைப் பிசைய வேண்டும்.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: நான்கைந்து நாள் பயணம் என்றால் உங்கள் கம்பெனியின் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போங்கள், சிம் கடை தேடும் நேரத்துக்கும் மதிப்புண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் அந்த ஊர் சிம், ஆனால் இந்திய சிம் கழற்றாமல் அதே போனில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் ஊரில் இருக்கும்போதே கம்பெனிக்குப் பேசி, வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வருவதற்கு மட்டுமாவது சர்வதேச ரோமிங்கைத் திறந்து வையுங்கள், அதற்குக் காசு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் விமானம் ஏறிய பிறகு அதைத் திறக்க ஓடிபி கேட்பார்கள், அந்த ஓடிபி வராது! போனில் இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அந்த சிம்மில் யார் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள். மாதம் ஒரு முறை ரீசார்ஜ் செய்ய ஊரில் ஒரு பொறுப்பான ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் தெருவில் நான்கு பேருடைய நம்பருக்கு இப்போது அந்தப் பொறுப்பான ஆள் நான்தான், காலண்டரில் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.